கால் கிலோ

தராசின் மேல் ஆணி நின்றான். உடம்பில் உள்ளாடை மட்டும்தான் இருந்தது.

எடை பார்த்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார். மேல் பிரிவுக்குக் கால் கிலோ குறைகிறது என்றார்.

ஊர் சிரிக்கும். எடையைக் குறைக்க இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியவன் அவன். போன குத்துச்சண்டைப் போட்டியில் பட்டினி கிடந்து தராசின் மேலேயே மயங்கி விழுந்தான். இனி இந்தக் கூத்து வேண்டாம், ஒரு பிரிவு மேலே போய்விடு என்று மாஸ்டர் சொன்னது அதன் பிறகுதான். மனைவி தட்டை நிரப்பி நிரப்பி வைத்தாள். உடம்பும் நன்றாகத்தான் ஏறியது.

எதிராளி யார் என்று தெரிந்த அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பட்டினியைவிடப் பயம் வேகமாக ஆளைக் கரைத்தது.

அந்த எதிராளியை எல்லோரும் மலை என்பார்கள். மேல் பிரிவில் இந்த முறை இரண்டே பேர், மலையும் ஆணியும். ஜெயிப்பவனுக்கு மாநில அணியில் இடம். முப்பதைத் தொடப்போகிறவனுக்கு இன்னொரு வாய்ப்பு வராது. பழைய பிரிவில் அணிக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாகிவிட்டது. அங்கே ஜெயித்தால் அலமாரியில் வைக்க ஒரு கோப்பை, அவ்வளவுதான்.

இதெல்லாம் அவனுக்குத் தெரியும். மலை ஒருவனின் தாடையைப் பெயர்த்த வீடியோவும் தெரியும். போர்வைக்குள் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். விழுந்தவன் எழுந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். அவன் எழுவதற்குள் வீடியோ முடிந்துவிடும்.

இத்தனைக்கும் ஆணி என்ற பெயர் சும்மா வந்ததல்ல. அவன் இடது கைக்கு வந்த பெயர் அது. அவனோடு மோத வேண்டும் என்றால் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று மாஸ்டர் பெருமையடிப்பார். மாஸ்டர் எதைத்தான் பெருமையடிக்கவில்லை?

தராசு சொல்வதுதான் பிரிவு, வேண்டுமானால் இன்னொரு முறை ஏறலாம் என்றார் அதிகாரி. மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கால் கிலோ ஒரு விஷயமாடா? மடமடன்னு குடிச்சிட்டு வா."

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பாட்டிலோடு கழிவறைக்குப் போனான்.

உள்ளே ஒரு கதவு மூடியிருந்தது. அதன் பின்னால் யாரோ விடாமல் துப்பிக்கொண்டிருந்தார்கள். எடையைக் குறைக்க எச்சிலைத் துப்பும் எவனோ ஒரு பாவப்பட்டவன். ஆணியும் அப்படி நாக்கு வறளத் துப்பியவன்தான்.

பாட்டிலைத் திறந்தான். வாய் வரை கொண்டுபோனான். தாடை தானாக இறுகிக்கொண்டது.

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தான். பாதி காலில் கொட்டியது.

மறுபடி ஏறினான். தராசு முள் பழைய இடத்திலேயே நின்றது. அப்படியானால் கீழ் பிரிவு, உன் பழைய பிரிவுதான் என்றார் அதிகாரி. மாஸ்டர் காலி பாட்டிலைப் பார்த்தார், ஆணியின் ஈரக் காலைப் பார்த்தார்.

மானம் போனது போகட்டும் என்றிருந்தது ஆணிக்கு. அவனுக்குப் பசித்தது. கொலைப்பசி.

கழிவறையிலிருந்து ஒருவன் சுவரைப் பிடித்தபடி வந்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த கம்பளிச் சட்டைகளைக் கழற்றினான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. தராசில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான்.

கீழ் பிரிவு, மயிரிழையில் தப்பித்தாய் என்றார் அதிகாரி. அவன் மூச்சு விட்டுக்கொண்டு திரும்பினான். அப்போதுதான் ஆணிக்கு அடையாளம் தெரிந்தது. மலை.

மலையும் அவனைப் பார்த்தான். முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வற்றியது.

"நீங்க மேல போயிட்டதா சொன்னாங்களேண்ணே."

அதிகாரி தராசைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். மேல் பிரிவுக்கு யாராவது இருக்கிறீர்களா, ஒருவர் இருந்தாலும் போதும், மோதாமலே இடம் அவருக்குத்தான் என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.