வெறுங்கை

"தம்பி, சும்மா கையாலயே எடுத்துப் பாரேன். நாலரை பஸ்ஸை உட்டா அடுத்தது ஆறுக்குத்தான்."

ஜான் இதைச் சொல்வது மூன்றாவது முறை. பொன்னேரி கடைத்தெருவின் அந்தச் சின்ன ரிப்பேர் கடையில் பிரவீன் நிமிரவில்லை. இடது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை ஒன்றை இறுக்கி, அதிலிருந்து தொங்கிய ஒயரை மேசைக்கடியில் எர்த்தில் மாட்டினான்.

மேசைமேல் பாலித்தீன் சுற்றிய பொட்டலம். உள்ளே, மூடி கழற்றிய நிலையில் ஜானின் படகு ஜிபிஎஸ். பன்னிரண்டு வருஷமாக மீன் பட்ட இடமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. நாளை நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. பழவேற்காட்டுப் படகுகள் கிளம்பும்போது அது வேலை செய்தாக வேண்டும்.

"யாருண்ணா இதை பாலித்தீன்ல சுத்தினது?"

"நான்தான். உப்புத்தண்ணி படக்கூடாதுல்ல? சோத்துலேர்ந்து செல்போன் வரைக்கும் எங்களுக்கு இதான்."

"தண்ணிய உட இது மோசம். பஸ்ல வர்ற வரைக்கும் உராஞ்சிக்கினே வந்திருக்கும். அதுல உண்டாகுற கரண்ட் கண்ணுக்கும் தெரியாது, ஷாக்கும் அடிக்காது. உள்ள இருக்கற சிப்பை மட்டும் சத்தமில்லாம கொன்னுடும்."

"அதுக்கு நீ ஏன் கட்டிப்போட்ட ஆடு மாரி உக்காந்துகீற?"

பிரவீன் சிரித்தான். "நம்ம உடம்புலயும் அது இருக்கும்ணா. இந்த ஒயர் வழியா மண்ணுக்குள்ள போயிடும்."

"பஸ்ஸு போயிடும்பா."

"பஸ் போனா இன்னொண்ணு வரும். உங்க பன்னெண்டு வருஷம் போனா வருமா?"

ஜான் ஜிபிஎஸ்ஸைப் பார்க்கவில்லை, பிரவீனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை பூத்த உப்பை அவை பிரஷால் துடைத்தன. அற்றுப்போன இடத்தில் ஈயம் வைத்தன.

"தோ, இந்த மூலையிலயும் பச்சையாகீது பாரு," என்று ஜான் விரலை நீட்டினார்.

பிரவீன் சட்டென்று அந்தக் கையைப் பிடித்தான். இழுப்பறையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்து, அவர் மணிக்கட்டிலும் கட்டிவிட்டான்.

"இப்பக் காட்டுங்கண்ணா."

"சரிதான். ரெண்டு ஆடு," என்றார் ஜான். இருவரும் சிரித்தார்கள்.

ஐந்தரை மணிக்குத் திரை விழித்தது. குறித்த புள்ளிகள் ஒன்றுவிடாமல் ஒளிர்ந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டு ஜான் பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய போன் அடித்தது. மகள் ஜெபசெல்வி.

"நைனா, கட்டினாரா?"

"கட்டிக்கினுதான் தொட்டான்மா. நாலு தபா அவசரப்படுத்திப் பாத்தேன், மசியல. எனக்கும் ஒண்ணு கட்டிவுட்டான். செட்டும் சரியாப்பூட்ச்சி."

"செட்டை சரி பண்றதுக்கா உன்னை அங்க அனுப்பினேன்? அதை இங்க என் ரிப்பேர் கடையிலயே பண்ணியிருப்பேனே," என்று சிரித்தாள் அவள். "ஞாயித்துக்கிழமை அவரை வூட்டாளுங்களோட பொண்ணு பாக்க வரச்சொல்லிடு நைனா."