டாக்டருக்கே வெற்றி

"ஜெயிச்சாச்சு! இன்னைக்கும் நான்தான்!"

டாக்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கைதட்டி ஆர்ப்பரித்தன.

கட்டிலோரம் நின்ற அப்பாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

தினமும் இதே கூத்து. சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பந்து. இந்தப் பக்கம் அவர் மகள் வாலு, அந்தப் பக்கம் டாக்டர். ஊதி ஊதியே பந்தை எதிராளி பக்கம் கீழே விழவைக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியாம். பயிற்சி இருக்கட்டும். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தோற்கடித்துவிட்டு இப்படியா குதிப்பது?

அதுவும் எப்பேர்ப்பட்ட பிள்ளை! பள்ளிக்கூடத்துப் பக்கம் விஷவாயுக் குண்டு விழுந்த அன்று, மூச்சுக்குத் திணறிச் சாகக் கிடந்தவள்.

நர்ஸை வராந்தாவில் மடக்கினார் அப்பா.

"ஏன் சிஸ்டர், ஒரு தடவை விட்டுக்கொடுத்தா அந்த மனுஷன் குறைஞ்சா போயிடுவாரு? படிச்சவர்தானே?"

நர்ஸ் சிரித்தாள். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த பேச்சில் குரல் இறங்கிவிட்டது.

"அது கிடக்கட்டும். இவ தினமும் தோக்குறாளே... நெஞ்சு இன்னும் ஆறலையோ? ராத்திரியெல்லாம் தூக்கம் வரல சிஸ்டர்."

"அட, நீங்க ஒண்ணு! காலையில மெஷின்ல ஊத வச்சுப் பார்த்தோமே. அவ நெஞ்சு ஜம்முனு இருக்கு. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

அப்பா பக்கத்தில் இருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். பஸ் ஓட்டுகிற முரட்டுக் கை, கண்ணைத் துடைத்துக்கொண்டது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"அப்புறம் எப்படி சிஸ்டர் அவர்கிட்ட தோக்குறா?"

"எங்களுக்கும் அதான் புரியல. பார்க்கப்போனா அவர்தான் தோக்கணும்."

"அவரா?"

நர்ஸ் வார்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்குக் கொண்டுவந்த பிள்ளைங்க உடுப்பெல்லாம் விஷம். அதைக் கழட்டி, உடம்பு முழுக்கக் கழுவித்தான் உள்ளே விடணும். அதுக்கான பாதுகாப்பு உடுப்பு போடாம யாரும் பிள்ளைங்களைத் தொடக்கூடாது. அந்த உடுப்பு வந்து சேரல. டாக்டர் காத்துட்டு நிக்கல. வாசல்லயே வெறுங்கையால ஒவ்வொருத்தரா கழுவினாரு. முதல்ல கழுவினது உங்க பொண்ணைத்தான். அந்த விஷம் அவர் நெஞ்சுலயும் இறங்கிடுச்சு. இப்பவும் மாடி ஏறினா பாதியில நின்னுடுறாரு."

அப்பா, என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உள்ளே போனார். வாலு கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வீட்டுக்குடி, வாலு!"

"ஐ! நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான். ஆமா, உனக்குத்தான் மூச்சு நல்லா இருக்காமே. அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட தோக்குற?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அப்பாவின் கழுத்தை இழுத்துக் காதோடு வாயை வைத்தாள்.

"கத்தாதீங்கப்பா. நான் வேணும்னேதான் மெதுவா ஊதுறேன். முதல் நாள் நான்தான் ஜெயிச்சேன். அன்னைக்கு அவர் விடாம ஊதிட்டு, கதவுக்குப் பின்னாடி போய் ரொம்ப நேரம் இருமினாரு, பாவம். அதான் நாங்க எல்லாரும் பேசி வச்சிருக்கோம். நாளையிலிருந்து ஜன்னலோரக் கட்டில் பாப்பா தோப்பா!"