மாமாவின் கோல்டு கார்டு

கோவில்பட்டி மெயின் ரோட்டு ஜவுளிக்கடையில் மத்தியான வெயில் கண்ணாடிக் கதவு வழியாகப் பட்டுச்சேலைகளின் மேல் விழுகிறது. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் பூவனநாதன், மகளுக்கு எடுத்த சேலைக்குக் கோல்டு கார்டை நீட்டுகிறார். பாலித்தீன் உறைக்குள் அது ஒரு கீறல் இல்லாமல் மினுங்குகிறது. பக்கத்தில் அவருடைய சகோதரி மகன் ஹரி நிற்கிறான். பேங்கு கார்டு விற்கும் அவன்தான் போன வருஷம் டார்கெட்டுக்காகத் தாய்மாமன் தலையில் இதைக் கட்டினான். கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “அண்ணாச்சி, இதத் தேய்க்க இங்கன மெஷின் கிடையாதே. அன்னைக்குச் சொன்னீங்களே, இதுக்குப் போயா வருஷா வருஷம் ரெண்டாயிரம் கெட்டுதீங்க?” சேலை எடுக்க வந்த பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தரையில் விரித்திருக்கும் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு ஹரி நிற்கிறான். மாமா சிரிக்கிறார். “இது பிளேன்ல போறவியளுக்குள்ளது. எம் மருமவன் வாங்கிக் குடுத்தான்.” மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து வைக்கிறார். அவர் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. வாசலுக்கு வந்ததும் ஹரி, “மாமா, இத ரத்து பண்ணிருவோம். ஒங்களுக்குப் பிரயோசனப்படாதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்கிறான். சொல்லும்போதே காது சுடுகிறது. மாமா குனிந்து செருப்பை மாட்டுகிறார். “எனக்கும் தெரியும்லே. ரத்து பண்ணா ஒன் வேலைக்கு எதும் வந்துருமோன்னுதான் இந்த வருஷமும் கெட்டுனேன்.” நிமிர்ந்து, வெயிலுக்கு ஒரு சர்பத் குடிப்போமா என்று கேட்கிறார். ஹரி தலையை ஆட்டிவிட்டு, மாமா கையிலிருந்த சேலைப் பையை வாங்கிக்கொள்கிறான்.