தட்டுச் சத்தம்

"மச்சானா? யாருலே உனக்கு மச்சான்?"

ஜெயக்கொடி போட்ட சத்தத்தில், மில் கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் பேச்சிமுத்து குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். நல்ல சண்டை கிடைத்தால் அவருக்கு டீகூட வேண்டாம்.

எல்லாம் ஒரு பால்கோவா பொட்டலத்தால் வந்தது.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது கிறிஸ்டோ லாரியை ஓரங்கட்டி வாங்கியது. ராஜபாளையம் மில்லுக்குள் வந்ததும், "அக்சாட்ட குடுத்துருங்க மச்சான்" என்று நீட்டிவிட்டான். நேற்றுவரைக்கும் வாய் நிறைய அண்ணே. இன்றைக்கு மச்சான்.

மூன்று வருஷம் கிளீனராக இருந்தவன். ஆறு மாசமாக டிரைவர் ஜெயக்கொடி இடது பக்கம் உட்கார்ந்து திட்ட, இவன் ஸ்டியரிங் பிடிக்கிறான். இன்றைக்கு இந்தப் பஞ்சு லோடை குடோன் மேடையோடு ரிவர்ஸில் ஒழுங்காகச் சேர்த்துவிட்டால், ஜெயக்கொடி முதலாளிக்கு ஒரு போன் போடுவான். நாளையிலிருந்து கிறிஸ்டோ தனி டிரைவர். தனி டிரைவர் ஆனால்தான் ஜெயக்கொடியின் தங்கச்சி அக்சாவைப் பெண் கேட்டுப் போக முடியும். பையன் அந்த போனுக்கு முந்தியே உறவு கொண்டாடிவிட்டான்.

"ஒரு லாரிக்காரனுக்கு என் தங்கச்சியக் குடுக்க மாட்டேன்லே!"

"நீங்க மட்டும் என்ன, கலெக்டரா?"

பேச்சிமுத்து சிரித்துவிட்டார். லோடுமேன்களும் சிரித்தார்கள். ஜெயக்கொடிக்குக் காதுமடல் சிவந்துபோனது.

"உன்னைய மறுபடி கிளீனராக்கல, என் பேரு ஜெயக்கொடி இல்ல."

"பின்னால வந்து நில்லுங்க! ஒரே ஏத்தா ஏத்திருதேன்!"

கோபத்தில் யாரும் சொல்லுகிற வார்த்தைதான். ஆனால் ஜெயக்கொடி நிஜமாகவே போய் நின்றான். வழக்கமாக நிற்கும் ஓரத்தில் அல்ல. லாரியின் முதுகுக்கும் மேடைக்கும் நட்டநடுவில்.

ரிவர்ஸ் எடுக்க இவர்களுக்கு ஒரு முறை உண்டு. பின்னால் நிற்கிறவன் லாரியின் பாடியைக் கையால் தட்டிக்கொண்டே இருப்பான். சத்தம் கேட்கும்வரை வரலாம். சத்தம் நின்றால் அந்த நொடியே பிரேக். கண்ணாடியில் ஓரம்தான் தெரியும். நடுவில் நிற்கிறவனுடைய உயிர் டிரைவரின் காதில்தான் இருக்கிறது.

தட். தட். தட்.

கிறிஸ்டோ கிளட்சைப் பாதி விட்டு வண்டியை ஊரவிட்டான். உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. விழுகிற ஒவ்வொரு தட்டும் அவனுக்கு கிளீனர், கிளீனர் என்றே கேட்டது.

தட். தட்.

நின்றது.

பிரேக் காற்று புஸ்ஸென்றது. லாரி குலுங்கி நின்றது. பின்னால் எதுவோ நசுங்குகிற சின்னச் சத்தம்.

"அண்ணே?"

மச்சான் என்ற வார்த்தை போன இடம் தெரியவில்லை.

"அண்ணே!"

கதவைத் திறக்கக் கை வரவில்லை. ஏத்திருதேன் என்றதை இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். பேச்சிமுத்து கேட்டாலே ஊர் கேட்டமாதிரி. இனி யார் நம்புவார்கள்? அக்சாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அதில் அவள் அண்ணனின் சாயல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

எப்படியோ இறங்கினான். பாடியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனான்.

லாரிக்கும் மேடைக்கும் நடுவே உள்ளங்கை நுழையாது. அந்த இடுக்கில், பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு செருப்பு அப்பளமாகி மாட்டிக்கொண்டிருந்தது.

"இங்க இருக்கேன்லே."

ஜெயக்கொடி மேடைமேல் இருந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. முட்டியெல்லாம் சிராய்ப்பு. வாயில் பீடி, தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்து உரசிக்கொண்டிருந்தான்.

பேச்சிமுத்துவும் லோடுமேன்களும் ஓடி வந்தார்கள். ஜெயக்கொடி கிறிஸ்டோவின் பக்கமே திரும்பாமல் அவர்களிடம் சொன்னான்:

"சோதிச்சுப் பாக்கத்தான் தட்டுறத நிறுத்தினேன். டக்குனு நின்னுட்டான். பய தேறிட்டான்."

அங்கேயே வைத்து முதலாளிக்குப் போனும் போட்டான்.

டக்கென்று. தட்டுச் சத்தம் நின்றபோது அந்த நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. அப்புறம்தான் இல்லாமல் போனது. இது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அந்தச் செருப்புக்கும் தெரியும். தன் கால் பிரேக்கை மிதிக்காமல் அந்த ஒரு மூச்சு நேரம் எதற்காகக் காத்திருந்தது என்று கிறிஸ்டோ தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயம்.

தெருவுக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. லாரிக்காரனுக்குக் குடுக்க மாட்டேன் என்று குதித்தவன், தானே வலியப்போய் அக்சாவை அதே கிறிஸ்டோவுக்குக் கட்டிக்கொடுத்தான். ஜெயக்கொடிக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்றார்கள். மச்சான் என்று கூப்பிட இப்போது முழு உரிமை. மாப்பிள்ளை என்னவோ அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான்.

கல்யாணம் முடிந்த கையோடு ஜெயக்கொடி லாரி வேலையை விட்டான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினான். வீட்டுச் சாமான் ஏற்றிப்போக வந்தது கிறிஸ்டோவின் லாரி. சந்துக்குள் ரிவர்ஸில் வந்தது. தெருவே வா, வா என்று கத்தியது.

வழியனுப்ப வந்த பேச்சிமுத்து, "நீ போய்த் தட்டுப்பா, உனக்குத்தான் பழக்கம்" என்றார்.

ஜெயக்கொடி வாசல் மேல்படியிலேயே நின்றான்.

எஞ்சின் அணைந்து, கிறிஸ்டோ இறங்கி, சாவி அக்சாவின் கைக்குப் போன பிறகுதான் அவன் படியிறங்கினான்.