ஒற்றை ஆள் வண்டி

செத்துப்போன மூத்த தாரம் பிரேமா உட்கார்ந்த பைக்கின் பின்சீட்டில் ஏறவே மாட்டேன் என்று இரண்டாம் மனைவி மீனாள் தினமும் மல்லுக்கு நின்றாள்.

“அப்ப அந்த இடம் யாருக்குமே வேணாம்லா!” என்று சீறினான் மெய்யநாதன். புக்கிட் தெங்கா ஊரிலிருந்த பட்டறையில் அந்தப் பழைய டூரிங் பைக்கின் கண்ணாடி, பெட்டிகள், பின்சீட்டு, பின்னால் கால் வைக்கும் கம்பி எல்லாவற்றையும் அறுத்தெறிந்தான். ஒருவர் மட்டும் உட்காரும் வண்டியாகிவிட்டது.

வாசலில் மீனாள் வேண்டாவெறுப்பாகச் சூடம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். மெய்யநாதன் ஏறி உட்கார்ந்தான். வண்டி அமுங்கியது.

இன்னும் கிளப்பவில்லை. பின்பக்கம் மறுபடியும் அமுங்கி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது, பிரேமா சேலையோடு ஒருக்களித்து உட்காரும்போது சாய்கிற மாதிரி.

சூடத்தட்டோடு மீனாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பாத்தீங்களா? இப்பவும் எனக்குத்தான் இடமில்ல.”