இரண்டாவது நாற்காலி

கடல்பசு மேயும் இடத்தில் வலை போடலாமா என்று மீனவர்களையும் அதிகாரிகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதுதான் ஆலோசகர் நளாயினியின் வேலை. எல்லாக் கூட்டத்திலும் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவைப்பாள். யாருக்கென்று கேட்டால், "கடல்பசுவுக்கு. அதப் பத்தித்தான பேசுறோம்," என்பாள். முதல் கூட்டத்தில் மீனவர் சந்தியாகு அதைத் தூக்கி வெளியே எறிந்தார். "அது மேயணும்னு எங்க புள்ளைக பட்டினி கெடக்கணுமா?" அவள் போய் எடுத்துவந்து, மணலைத் துடைத்து, அதே இடத்தில் போட்டாள். ஓய்வுபெற்றுச் சில வருடம் கழித்து ஒரு கூட்டத்துக்கு அவளை அழைத்திருந்தார்கள். கூடம் நிரம்பி ஆட்கள் சுவரோரம் நின்றிருக்க, முன்வரிசையில் மட்டும் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்று தனக்குத்தான் என்று நினைத்தாள். உட்காரப் போனாள். கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த சந்தியாகு பதறி எழுந்தார். "அதுல ஒக்காராதீகம்மா. கடல்பசு குட்டி போட்டிருக்குல்ல." தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. சுவரோரம் போய் எல்லோரோடும் நின்றாள். நிற்க இடம் கிடைத்ததே பெரிதென்று இருந்தது.