எண் வேண்டாம், நிறம் போதும்

பார்த்தசாரதியின் கட்டைவிரல் பட்டியலை மெல்ல மேலே தள்ளியது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அந்தப் பட்டியலைப் போனில் செய்துகொடுத்த பிரவின்குமார்.

மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலின் கூட்ட அறை. வெளியே கடல். உள்ளே முதலாளி பார்த்தசாரதி, அவர் கையில் புத்தம் புது டச் ஸ்கிரீன் போன். 2009-ஆம் வருடம், ஊரெல்லாம் ஆட்குறைப்பு.

கம்பெனியின் அறுபது பேரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வேலைக்கான மதிப்பெண் நாற்பதுக்குக் கீழே போனால் அந்தப் பெயரின் வரி சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை. சிவப்புக்கெல்லாம் இன்று மாலை வேலைநீக்கக் கடிதம்.

மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டத்தான் பிரவின் முதலில் செய்திருந்தான். எண் வேண்டாம், நிறம் போதும் என்றுவிட்டார் முதலாளி. பெரிய மனிதர்களுக்குப் படிக்க எங்கே நேரம்?

அந்தப் போனுக்கு ஒரு கஞ்சத்தனம் உண்டு. மேலே போய் மறைகிற வரியைத் தூக்கி எறியாது. அதிலேயே வேறு பெயரை எழுதி, கீழே திரும்பக் கொண்டுவந்துவிடும்.

போன வாரம் அதைக் கண்டுபிடித்தவள் கூட வேலை செய்யும் பிரதீபா. தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேர மாத்துறப்ப கலரையும் மாத்து பிரவின். இல்லன்னா பழைய கலரே நிக்கும், ஒருத்தரோட செவப்போ வெள்ளையோ இன்னொருத்தர் மேல ஒட்டிக்கும்."

அதற்கான கட்டளையையும் அவளே அடித்துக் கொடுத்தாள்.

இப்போது விரல் நின்றது. பிரதீபா. சிவப்பு.

அவள் மதிப்பெண் தொண்ணூற்றிரண்டு. அவள் சம்பளத்தில்தான் அச்சரப்பாக்கத்தில் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள். பிரவின் வாயைத் திறந்தால் போதும்.

"இந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யுமே?" என்றார் பார்த்தசாரதி.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது சார்."

அவர் பெயரைக் குறித்துக்கொண்டார்.

பிரவினின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பிரதீபாவின் குறுஞ்செய்தி. கலர் எங்கயும் ஒட்டலியே? நல்லபடியா முடியும், பயப்படாத.

ஒட்டல, தேங்க்ஸ் என்று பதில் அனுப்பினான்.

அவள் கொடுத்த கட்டளையைக் காலையில் வேனில் வரும்போதே அழித்திருந்தான். சிவப்பு யார் தலையில் விழும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பார்க்கவில்லை.

பட்டியலில் பிரதீபாவுக்கு அடுத்த பெயர் பிரவின்குமார். மதிப்பெண் முப்பத்தொன்று.

அந்த வரி வெள்ளை வெளேரென்று இருந்தது.